நான் அந்த ஐம்பதில் இல்லை

நான் ஒரு பயனாளி என்கிற விஷயமே திண்டிவனத்தைத் தாண்டி இருக்கும் ஒரு அரிசி ஆலையில்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்பவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகம் சென்னையில். விழுப்புரத்தில் ஒரு கிளை, மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. இந்த வட்டாரத்து ஆலைகள், கல்லூரிகள், டிராக்டர் விற்பவர்கள், இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகள் எல்லாருடைய கணக்கையும் நாங்கள்தான் தணிக்கை செய்கிறோம். அன்று ஆலைக்கு நானும் ஒரு சக ஊழியரும் போயிருந்தோம். அவர் எனக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவர். தணிக்கைக்குத் தலைமை நான். முதல் முறையாகக் கிடைத்த தலைமை என்பதால் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். அது காலைக் கடித்துத் தொலைத்தது.

ஆலை முதலாளி சக ஊழியரைப் பார்த்து "வாங்க சார்" என்றார். என்னைப் பார்த்து "உக்காரும்மா" என்றார். இது எனக்குப் பழக்கம்தான், இதற்கெல்லாம் கோபப்பட்டால் ஒரு நாளும் சோறு இறங்காது. ஆனால் அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு பளபளப்பான புத்தகத்தை எடுத்தார். எங்கள் நிறுவனம் வருடா வருடம் போடும் அறிக்கை. சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்னென்ன செய்வதாக வாக்குக் கொடுத்தோம், அதில் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறோம் என்று எழுதி எல்லாக் கிளையன்டுக்கும் அனுப்புவார்கள். அவர் விரலை ஒரு பக்கத்தில் வைத்துத் திருப்பிக் காட்டினார்.

"ஏம்மா, இது நீதானே? பாத்ததும் அடையாளம் தெரிஞ்சிடுச்சு. பரவால்ல, உங்க ஆபீஸ்ல நல்ல மனசுக்காரங்க. உன்ன மாரி பொண்ணுங்கள படிக்க வச்சி, வேலையும் போட்டுக் குடுத்து, கூடவே கூட்டிக்கினு வேற வர்றாங்க பாரு."

படத்தில் நான் இருந்தேன். பக்கத்தில் அம்மா. பின்னால் எங்கள் வீட்டுக் கீற்றுக் கொட்டகை. கீழே இப்படி அச்சடித்திருந்தது: "வாய்ப்பற்ற சூழலிலிருந்து வந்த இவரது கல்விக்கும் வாழ்வுக்கும் எங்கள் நிறுவனம் கைகொடுத்தது. நாங்கள் தொட்ட ஐம்பது பெண்களின் வாழ்வுகளில் இவருடையதும் ஒன்று."

இரண்டாம் தடவை படிக்கத் தொடங்கினேன். முதலாளி அதற்குள் நெல் மூட்டைக் கணக்கு எழுதும் ஸ்டாக் புக்கைத் தூக்கி என் சக ஊழியர் முன்னால் வைத்துவிட்டார். "நீங்க பாருங்க சார். பொண்ணு கூட இருந்து கத்துக்கட்டும்."

"தலைமை நான்தாங்க. புக்கை என்கிட்ட குடுங்க" என்றேன்.

"குடுக்கலாம்மா, குடுக்கலாம்" என்று சிரித்தார். குழந்தை சாவி கேட்டால் சிரிப்போமே, அப்படி. அன்று முழுக்க நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் சக ஊழியரின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். பாவம், அந்த மனிதர் நெளிந்தார். "மேடம்தான் சார் சீனியர்" என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தார். முதலாளி காதில் விழவில்லை. அவர் என்ன செய்வார்? எங்கள் நிறுவனமே அச்சடித்து அனுப்பியிருக்கிறதே, இவள் நாங்கள் கைதூக்கிவிட்டவள் என்று. அதற்குப் பிறகு நான் அவரிடம் போய் "உங்கள் மூட்டைக் கணக்கு உதைக்கிறது" என்று சொன்னால் எவன் மதிப்பான்?

அந்தப் படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருடம் சென்னையிலிருந்து ஒரு புகைப்படக்காரர் வந்தார். ஊழியர்களின் குடும்பங்களைப் பற்றி ஒரு பக்கம் வரப்போகிறது என்றார்கள். எங்கள் வீடு ஒலக்கூர் பக்கம் ஒரு காலனியில். முன்னால் தளம் போட்ட வீடு, இரண்டு அறை, நான் சம்பாதிக்கத் தொடங்கியதும் டைல்ஸ் ஒட்டியது. பின்னால் அம்மா விறகடுப்பு எரிக்க ஒரு கீற்றுக் கொட்டகை. அம்மா பட்டுப்புடவை கட்டி, வாசலில் கோலம் போட்டு, டைல்ஸைத் துடைத்து வைத்திருந்தார். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "இங்க வெளிச்சம் நல்லா இருக்கு" என்று எங்களைக் கொட்டகைப் பக்கம் கூட்டிப் போனார். சரி, வெளிச்சத்துக்குத்தான் போல என்று நானும் போய் நின்றேன். இத்தனை படித்தும் என் புத்தி அவ்வளவுதான்.

புத்தகம் அச்சாகி வந்த பிறகும் நான் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், கிளையில் யாருமே பார்க்கவில்லை. பெட்டி தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் பிரிக்காமலே கிடந்தது. கிளையன்டுக்கெல்லாம் சென்னையிலிருந்தே நேராகப் போய்விட்டது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேலாளர் மேடம் முன்னால் நின்றேன். எங்கள் கிளைக்கு அவர்தான் பொறுப்பு. கெட்டவர் இல்லை. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்ததில் பாதி அவர்தான். புத்தகத்தை அவர் மேசை மேல் வைத்தேன்.

"மேடம், நான் எப்போ உங்ககிட்ட உதவி வாங்கினேன்?"

"என்ன காலங்காத்தால?" என்றார். பக்கத்தைப் பார்த்தார். "ஓ, இதுவா. நல்லாத்தானே இருக்கு?"

"நான் பரீட்சை எழுதி, நேர்காணலுக்கு வந்து, எல்லாரையும் போலப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். படிப்புக்கு நீங்க ஒரு நோட்டுகூட வாங்கித் தந்ததில்ல."

"பயிற்சிக் காலத்துல சம்பளம் குடுத்தோமில்ல? அதை ஹெட் ஆபீஸ்ல கல்வி உதவின்னு எடுத்துக்கிட்டாங்க."

"அது விதிப்படி எல்லாப் பயிற்சியாளருக்கும் குடுக்கறது மேடம். அப்போ நம்ம கிளையில பயிற்சி எடுத்த எல்லாரும் இந்தப் பட்டியல்ல இருக்கணுமே?"

"மத்தவங்க கதை வேற மா."

"வேறன்னா?"

அவர் கணினியைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் எனக்குப் புரிந்தது புரிந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. என்னோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவர்களில் அப்பா காசில் பரீட்சை எழுதியவர்களும் உண்டு, ஐந்து தடவை தேறாதவர்களும் உண்டு. அவர்களெல்லாம் திறமையால் வந்தவர்கள். நான் மட்டும் இவர்கள் தயவால் வந்தவள். ஏன்? என் வீடு இருக்கிற தெரு அப்படி.

"பெயரை எடுத்துடுங்க" என்றேன்.

"முடியாது. ஐம்பது பெண்கள்னு வாக்குக் குடுத்து, சரியா ஐம்பதுன்னு காட்டியாச்சு. இந்த வருஷ அறிக்கை அது மேலதான் ஏறும்." பிறகு அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார். "அது மட்டுமில்ல. இதைச் சரிபார்த்தது யாருன்னு பாரு."

பார்த்தேன். பட்டியலில் ஐம்பது வரி. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பச்சை மையில் ஒரு டிக். கீழே சரிபார்த்தவரின் சுருக்கொப்பம். என் கையெழுத்து. முப்பத்தோராவது வரியில் என் பெயர், அதற்குப் பக்கத்திலும் நான் போட்ட பச்சை டிக், துளிகூடக் கோணல் இல்லாமல்.

இது எப்படி நடந்தது என்று வெளி ஆட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்தவர்கள் மட்டும் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். கிளையிலிருந்து போகும் விவரங்களைச் சரிபார்க்கும் வேலை போன வருடம் எனக்கு வந்தது. மார்ச் முடிகிற சமயம், மேசை கொள்ளாத வேலை. பட்டியல் கொடுத்தால் எங்கள் கை தானாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு: வரிகளை எண்ணுவோம், கடைசியில் போட்டிருக்கும் மொத்தத்தோடு ஒத்துப்பார்ப்போம், ஒத்துப்போனால் மளமளவென்று டிக் போடுவோம். ஐம்பது என்று போட்டிருந்தது, ஐம்பது வரி இருந்தது. ஒரு பெயரையும் நான் படிக்கவில்லை. என் பெயரையே படிக்கவில்லை!

இதில் இன்னொரு கொடுமை. அதே கோப்பில் மரக்கன்றுகள் நட்ட கணக்கும் இருந்தது. மயிலம் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் நிறுவனம் நட்ட கன்றுகள். அந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகம் வந்து, பஸ் பிடித்துப் போய், வெயிலில் நின்று உயிரோடு இருப்பவற்றை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஆடு மேய்ந்தது போக மீதி கொஞ்சம்தான். நட்டது வேறு, நிற்பது வேறு என்று எழுதி அனுப்பி, சென்னையோடு சண்டை போட்டு, அந்த எண்ணைக் குறைக்க வைத்தேன். புங்கங்கன்றுக்காகச் சண்டை போட்டவள் எனக்காக ஒரு வரி படிக்கவில்லை.

"டிக் போட்டது நீ. இப்போ இல்லைன்னா எப்படி?" என்றார் மேடம். குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது. "படத்தை வேணும்னா எடுத்துடலாம். பேர் உள்ள பட்டியல்ல இருந்துட்டுப் போகட்டும், யார் பாக்கப் போறா? பேஜாரு பண்ணாதே மா."

"சிவப்பு போடறேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. சென்னையில் இருக்கும் பெரிய சார் நிறுவனத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற வழக்கம். நாம் போட்ட பச்சை டிக் தவறு என்று தெரிந்தால், அதைச் சிவப்பு மையில் நாமே குறுக்காக அடிக்கலாம். பக்கத்தில் காரணத்தை நம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது சிவப்பு நோட்டில் ஏறும். வருடாந்திரக் கூட்டத்தில் பெரிய சார் அதை எல்லார் முன்னாலும் வாசிப்பார். வாசிக்கும்போது நாம் எழுந்து நிற்க வேண்டும். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு எந்தத் தணிக்கைக்கும் நாம் தலைமை தாங்க முடியாது. தானாக முன்வந்து சிவப்பு போட்டவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன், ஒரு கை போதும்.

"புரிஞ்சுதான் பேசறியா?" என்றார் மேடம். "இப்பதான் தலைமையே குடுத்திருக்கோம். ஒரு ஆலைதான் பாத்திருக்கே. அதுக்குள்ள தூக்கிக் குடுத்துடுவியா?"

புரிந்துதான் பேசினேன். புரிந்ததால்தான் அன்றைக்கே போடாமல் வீட்டுக்குப் போனேன். பேச்சுக்கு வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது அழுகையாக வந்தது. பெயரை விட்டுவைத்தால் போகிற இடமெல்லாம் நான் கைதூக்கிவிடப்பட்ட பெண். பெயரை அடித்தால், எந்த நாற்காலிக்காக இந்தச் சண்டையோ அந்த நாற்காலியே ஒரு வருடம் கிடையாது. இரண்டு பக்கமும் எனக்குத்தான் அடி. இதைப் போட்ட புண்ணியவான் யாரோ, சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து அடுத்த அறிக்கைக்கு அட்டைப்படம் பார்த்துக்கொண்டிருப்பான்.

அம்மா வேர்க்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் புத்தகத்தைக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். படத்தைப் பார்த்ததும் முதலில் அவருக்கு வந்த கோபம் வேறு.

"அடப்பாவி! நல்ல வூட்ட வுட்டுட்டு அடுப்பாண்ட நிக்க வச்சி எடுத்துக்கினு போயிருக்கான் பாரு. டைல்ஸ் தெரியவே இல்லயே!"

"அது இல்லம்மா. கீழ எழுதியிருக்கறத கேளு." படித்துக் காட்டினேன்.

அம்மா மல்லாட்டைச் செடியைக் கீழே வைத்தார். "இன்னாது? திருப்பிப் படி."

திரும்பப் படித்தேன்.

"கைகுடுத்தாங்களாமா? எவன் கைகுடுத்தான்? நீ காலேஜ் போறப்ப மூணு வருசம் நான் இவன் கொல்ல அவன் கொல்லன்னு மல்லாட்ட புடுங்கிக்கினு இருந்தேன். வெரல்ல நகம் இல்ல எனுக்கு. அப்ப எந்தக் கம்பெனிக்காரன் வந்து நின்னான்?" மூச்சு வாங்கியது அவருக்கு. "தொட்டாங்களாமா! எங்க காலத்துல தொட்டா ஆவாதுன்னு கைய ஒசத்தி தண்ணி ஊத்துனானுங்க. இப்ப தொட்டுட்டோம்னு புஸ்தகம் போட்டுக்கினு கீறானுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அழுதுகொண்டிருந்தவள்தான், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலில் என் பெயரை அடிக்கலாம் என்றிருப்பதைச் சொன்னேன். "பேர அடிச்சா வேல போயிடுமா?" என்று கேட்டார்.

"வேல போவாது. தலைமை போயிடும். ஒரு வருசம்."

"தலைமைன்னா?"

"எனக்குக் கீழ ஒருத்தர் வேல செய்வார். நான் சொல்றதுதான் கணக்கு."

அம்மா எனக்கு எந்த யோசனையும் சொல்லவில்லை. "எனுக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா இந்தப் போட்டோலேந்து என்னத் தூக்கிடச் சொல்லு. நான் யாராண்டயும் போயி கை நீட்டல" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி ஆயத் தொடங்கினார்.

அடுத்த நாள் அலுவலகத்தில் யாரும் வருவதற்கு முன் போய்க் கோப்பை எடுத்தேன். சிவப்புப் பேனாவைப் பக்கத்தில் வைத்தேன். முதலில் ஒரு காரியம் செய்தேன். போன வருடம் செய்யாத காரியம். ஐம்பது பெயரையும் ஒன்று விடாமல் படித்தேன். ஒவ்வொருவரும் என்ன பெற்றார்கள் என்பதற்குத் தாள் இருக்கிறதா என்று பின்னால் புரட்டிப் பார்த்தேன். திண்டிவனத்தில் தையல் வகுப்பு முடித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மிஷின் வாங்கித் தந்ததற்கு ரசீது இருந்தது. கல்லூரிக் கட்டணம் கட்டிய பெண்கள் இருந்தார்கள், அதற்கும் இருந்தது. அதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிறுவனம் செய்ததை நிறுவனம் சொல்லிக்கொள்ளட்டும், தாராளமாக. எனக்கு எதிரே மட்டும் பின்னால் ஒரு தாளும் இல்லை. எங்கள் தொழிலில் தாள் இல்லாத எண்ணை நாங்கள் எவ்வளவு பெரிய ஆளுக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

முப்பத்தோராவது வரியின் டிக்கைக் குறுக்காக அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: "இவர் பயனாளி அல்ல, ஊழியர். உதவி பெற்றதற்கு ஆதாரம் இல்லை. பெயரைப் படிக்காமல் டிக் போட்டது என் தவறு." கையெழுத்துப் போட்டு, கோப்பை மேடம் மேசையில் வைத்தேன். அவர் வந்து பார்த்தார். என்னைக் கூப்பிடவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது மட்டும், "பிடிவாதம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வருடாந்திரக் கூட்டம் விழுப்புரத்தில்தான் நடந்தது, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். எல்லாக் கிளையிலிருந்தும் வந்திருந்தார்கள். பெரிய சார் மெதுவாகப் பேசுகிறவர், ஒடிசலான மனிதர், யாரையும் ஒருமையில் அழைக்கமாட்டார். வாக்குறுதிகளின் முன்னேற்றத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். காகிதம் குறைந்திருக்கிறது என்றார். (நாங்கள் அச்சடிப்பதை நிறுத்திவிட்டுக் கிளையன்டை அச்சடிக்கச் சொல்கிறோம், அதனால் குறைந்திருக்கிறது.) மின்சாரம் குறைந்திருக்கிறது என்றார். அதன் பிறகு சிவப்பு நோட்டை எடுத்தார். அந்த வருடம் ஒரே ஒரு பதிவுதான்.

நான் எழுந்து நின்றேன். நான் எழுதிய மூன்று வரியை அவர் வாசித்தார். கூடத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வெட்கம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். தன் பெயரைத் தானே படிக்காமல் டிக் போட்ட ஆடிட்டர் என்று கூட்டமே பார்க்கிறதே!

"நீங்க எழுதினது சரிதான்" என்றார் பெரிய சார். "ஆதாரம் இல்லாதது நிக்காது. ஆனா இதனால நாற்பத்தொன்பது ஆகிடுது. கொடுத்த வாக்கு ஐம்பது." மேடம் பக்கம் திரும்பினார். "வேற யாரையாவது சேர்க்க முடியுமா?"

மேடம் பதில் சொல்வதற்குள் சென்னையிலிருந்து அறிக்கை தயாரிக்கும் ஒருவர் தாளைப் புரட்டிவிட்டுச் சொன்னார், "சார், நம்ம கண் பரிசோதனை முகாம் பதிவேட்டுல இவங்க அம்மா கையெழுத்து இருக்கு. இவங்களுக்குப் பதிலா அம்மாவைப் போட்டுக்கலாம். படம்கூட நம்மகிட்ட இருக்கு."

முகாம் நடந்த அன்று எனக்கு அங்கே வேலை. சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டு வந்தேன். அம்மா திண்டிவனம் வரை பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வரும் எல்லாரிடமும் வாசலில் கையெழுத்து வாங்கினார்கள், அவரிடமும் வாங்கினார்கள். அவ்வளவுதான்.

எனக்குள் என்னவோ அறுந்தது. அதுவரை இருந்த வெட்கம் போன இடம் தெரியவில்லை.

"சார், எங்க அம்மா அன்னிக்குச் சோறு குடுக்க வந்தாங்க. கண்ணு காட்ட வரல" என்றேன். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அதோட, என்னைப் படிக்க வச்சது அவங்கதான். மூணு வருஷம் அடுத்தவங்க கொல்லையில வேலை செஞ்சு படிக்க வச்சாங்க. படிச்சு முடிச்ச ஆளை நீங்க எடுத்துக்கிட்டீங்க. அவங்க பேரைப் போட்டே ஆகணும்னா, உதவி வாங்கினவங்க பக்கத்துல போடாதீங்க. உதவி செஞ்சவங்க பக்கத்துல போடுங்க. அதுக்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு சார். பீஸ் கட்டின ரசீது எல்லாம் எங்க அம்மா டிரங்குப் பெட்டியில வச்சிருக்காங்க."

பின் வரிசையில் யாரோ கை தட்டப் போய், பாதியில் நிறுத்தினார்கள். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

"நாற்பத்தொன்பதுன்னே போடுங்க" என்றார் சென்னைக்காரரிடம். "வாக்கு நிறைவேறலைன்னு எழுதுங்க."

"சார், போன வருஷம் கிளையன்ட் எல்லாருக்கும் தப்பாப் போயிருக்கு" என்றேன். உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எழுந்து நின்றாயிற்று, இனி பாதியில் என்ன உட்காருவது? "திருத்தமும் எல்லாருக்கும் போகணும்."

"போகும்" என்றார். "ஓர் ஊழியரைத் தவறாகப் பயனாளி என்று அச்சிட்டுவிட்டோம், வருந்துகிறோம்னு முதல் பக்கத்துலயே போடச் சொல்றேன்" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சிவப்புக்கு விதி உங்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் தலைமை கிடையாது. நீங்க சொன்னதெல்லாம் நியாயம்தான். ஆனா அதை நான் மாத்த முடியாது."

"மாத்த வேணாம் சார்" என்றேன்.

கூட்டம் கலைந்ததும் மேடம் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். தண்டனைக் கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்து வாங்க வேண்டும், விதி. அவர் முகம் வாடியிருந்தது. "நான் எவ்வளவோ சொன்னேன். கேட்டியா? இப்போ பாரு, ஆலைக்கு அடுத்த மாசம் உனக்குப் பின்னால சேர்ந்தவர் தலைமையில நீ போகணும்" என்றார்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். இந்த முறை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். என் பெயர். அதற்குக் கீழே பதவி: தணிக்கைப் பிரிவு, மூத்த உதவியாளர். தவறு: பட்டியலைப் படிக்காமல் சரிபார்த்தது. தண்டனை: ஓராண்டு. மூன்றுமே உண்மை. கையெழுத்துப் போட்டேன்.

"எனக்கு ஒரு நகல் வேணும் மேடம்."

"தண்டனைக் கடிதத்துக்கு யாராவது நகல் கேப்பாங்களா?"

"உதவி வாங்கினவளுக்கு யாராவது தண்டனை குடுப்பாங்களா மேடம்?" என்றேன். "வேலை செய்யறவளுக்குத்தானே குடுப்பாங்க?"

மேடம் கடிதத்தை வாங்கிக்கொண்டு நகல் எடுக்கப் போனார்.